எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களோடு பேசுங்கள்: வெளியுறவு நிலைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நாடாளுமன்ற வெளியுறவு நிலைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மியான்மர் விஷயமாக இந்த மடல். மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் உட்காரும் குழு உங்களுடையது. வெளியுறவு அமைச்சக அதிகாரிகளை அழைத்து வைத்துக் கேள்வி கேட்கலாம், கோப்பு கேட்கலாம், எல்லை வரை ஆய்வுப் பயணம் போகலாம். கேமரா இல்லாத அறை என்பதால் கட்சிக் கூச்சல் கொஞ்சம் குறைவு என்றும் சொல்வார்கள். அதனால்தான் அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி மின் ஆங் லைங் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து மியான்மரில் நடப்பது உள்நாட்டுப் போர். அந்த நாட்டோடு நமக்கு 1,643 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. தில்லியின் கொள்கை ஐந்து வருடமாக ஏறக்குறைய ஒரே வரிதான்: தலைநகர் நேபிடோவில் யார் நாற்காலியில் இருக்கிறாரோ அவரோடு நல்லபடியாக இருப்போம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 2021 மார்ச் 27 அன்று நேபிடோவில் ராணுவ தின அணிவகுப்பு நடந்தபோது பிரதிநிதி அனுப்பிய எட்டு நாடுகளில் நாமும் ஒன்று. அன்றைக்கு ஒரே நாளில் நாடு முழுக்க நூறு பேருக்கு மேல் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2022 டிசம்பரில் மியான்மர் பற்றி ஐ.நா. பாதுகாப்பு சபையில் தீர்மானம் வந்தபோது அந்த மாதம் சபைக்குத் தலைமை வகித்ததே நாம்தான். சீனா, ரஷ்யாவோடு சேர்ந்து வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டோம். 2025இல் மட்டும் பிரதமர் இரண்டு தடவை மின் ஆங் லைங்கைச் சந்தித்தார், ஏப்ரலில் பாங்காக்கில், ஆகஸ்ட் கடைசியில் தியான்ஜினில்.

இதில் தர்மம் எங்கே என்று கேட்க நான் வரவில்லை. கேட்டால் 'தேச நலன்' என்று பதில் வரும், பேச்சு அதோடு முடிந்துவிடும். சரி, தேச நலன் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கிலாவது இந்தக் கொள்கை தேறுகிறதா என்பதுதான் என் கேள்வி.

எல்லையைத் தெற்கிலிருந்து வடக்காக ஒரு பார்வை பார்ப்போம். மிசோரத்தின் லாங்ட்லாய் மாவட்டத்துக்கு எதிரே பலெத்வா. 2024 ஜனவரியிலிருந்து அது, ராக்கைன் (பழைய பெயர் அரக்கான்) மாநிலத்தின் ஆயுதக் குழுவான அரக்கான் படையின் கையில் இருக்கிறது. மேலே சம்பாய்க்கு எதிரே சின் மாநிலம்; 2023 நவம்பரில் ரிக்காவ்தார் எல்லைச் சாவடியைச் சின் போராளிகள் பிடித்தார்கள். மணிப்பூரின் மோரேவுக்கு எதிரே தமு நகரம் ராணுவத்திடம் இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் பல கிராமங்கள், ஆட்சிக் கவிழ்ப்பை எதிர்த்து ஆயுதம் எடுத்த மக்கள் பாதுகாப்புப் படையிடம். அதற்கும் மேலே போனால் கச்சின் விடுதலைப் படையின் நாடு. நாம் கைகுலுக்குகிற மனிதரின் ஆணை நம் வேலியை ஒட்டிய ஊர்களில் முக்கால்வாசி இடத்தில் செல்லாது. நாளைக்கு ஓர் இந்திய லாரி டிரைவரை அங்கே யாராவது பிடித்து வைத்துக்கொண்டால், நேபிடோவுக்குப் போன் போட்டு என்ன பயன்?

காலாடன் திட்டத்தையே எடுங்கள். மானியக் கோரிக்கை வரும்போதெல்லாம் உங்கள் மேஜைக்கு வந்துபோகும் பெயர்தான். 2008இல் ஒப்பந்தம், செலவு 48.4 கோடி டாலர். கொல்கத்தாவிலிருந்து சிட்வே துறைமுகத்துக்கு 539 கிலோமீட்டர் கடல்வழி, சிட்வேயிலிருந்து பலெத்வாவுக்கு 158 கிலோமீட்டர் ஆற்றுவழி, பலெத்வாவிலிருந்து மிசோரம் எல்லையில் சோரின்புய்க்கு 109 கிலோமீட்டர் சாலை. சிலிகுரியின் குறுகிய கழுத்தை நம்பியிருக்காமல் வடகிழக்குக்கு இன்னொரு வாசல் வேண்டும் என்ற யோசனை நல்ல யோசனைதான். 2023 மே 9 அன்று சிட்வே துறைமுகத்தைத் திறந்தோம், கொல்கத்தாவிலிருந்து சிமெண்ட் ஏற்றிய முதல் கப்பலும் போனது. எட்டு மாதத்தில் பலெத்வா விழுந்தது. 2024 பிப்ரவரியில் ராக்கைன் மாநிலத்தை விட்டு உடனே வெளியேறுங்கள் என்று இந்தியர்களுக்கு அமைச்சகம் அறிவிப்பு விட்டது. ஏப்ரலில் சிட்வேயில் இருந்த நம் துணைத் தூதரக ஊழியர்களையே யாங்கூனுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இன்றைக்கு ராக்கைனின் 17 நகரியங்களில் 14 அரக்கான் படையிடம். ராணுவத்துக்கு மிஞ்சியிருப்பது சிட்வே, சௌக்பியு, மனாங் மூன்றும்தான். ஆக, சிட்வேயில் ஒரு மூட்டை இறக்க ராணுவத்தின் முத்திரை வேண்டும். அதே மூட்டை படகில் ஏறி ஆற்றில் கொஞ்ச தூரம் போனதும், அந்த ராணுவத்தை எதிரி என்று சுடுகிறவர்களின் அனுமதி வேண்டும். அப்புறம் பலெத்வாவில் இறக்கி லாரியில் ஏற்றுவதற்கும் அவர்கள்தான். 2027இல் திட்டம் முழுமையாக இயங்கும் என்று 2025 ஜூலையில் கப்பல் துறை அமைச்சர் சொன்னார். யாரோடு பேசி இதை முடித்தீர்கள் என்று ஒரு கேள்வி, உங்களில் யாராவது கேட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த நிலைமையை முதலில் புரிந்துகொண்டது மிசோரத்துக்காரர்கள். அவர்களின் மாநிலங்களவை உறுப்பினர் வன்லால்வேனா 2024 பிப்ரவரி இறுதியில் எல்லை தாண்டிப் போய் அரக்கான் படைக்காரர்களைச் சந்தித்துச் சாலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். ஒரு மாநிலத்தின் எம்.பி. தனியாகப் போய்ச் செய்கிற வேலையா அது? ஆனாலும் யாரோ ஒருவர் போனாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. 2019இல் இதே அரக்கான் படையை விரட்ட நாமும் மியான்மர் ராணுவமும் சேர்ந்து நடவடிக்கை எடுத்தோம். அதே வருடம் நவம்பரில் அவர்கள் காலாடன் திட்டத்தில் வேலை பார்த்த இந்தியர்களைப் பிடித்துச் சென்றார்கள், அதில் ஒருவர் அவர்கள் பிடியிலேயே இறந்துபோனார். ஐந்து வருடத்தில் ஆட்டம் இவ்வளவு மாறியிருக்கிறது.

மிசோரத்தைப் பற்றி இன்னொன்று. 2021 மார்ச்சில், அகதி என்ற தகுதியை வழங்க உங்களுக்கு அதிகாரம் இல்லை, வருகிறவர்களைத் தடுங்கள் என்று உள்துறை வடகிழக்கு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அப்போதைய முதலமைச்சர் சோரம்தங்கா அதை ஏற்க முடியாது என்று பிரதமருக்கே எழுதினார். தேவாலயங்களும் இளையோர் சங்கமும் வீட்டுக்கு வீடு அரிசி திரட்டி, முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட சின் மக்களை இன்றுவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். மொழியும் ரத்தமும் ஒன்று என்பதால்தான்.

ஆனால் 2023 நவம்பருக்குப் பிறகு வேறு மாதிரி ஆட்களும் அதே எல்லையைத் தாண்டி வந்தார்கள். முகாம்களைப் போராளிகளிடம் இழந்த மியான்மர் ராணுவத்தினர். 2024 ஜனவரிக்குள் 600 பேருக்கு மேல். அவர்களை விமானத்தில் ஏற்றி மரியாதையாக ஊருக்கு அனுப்பிவைத்தோம். ஜனவரி 23 அன்று அப்படிக் கூட்டிப்போக வந்த மியான்மர் ராணுவ விமானம் ஒன்று மிசோரத்தின் லெங்புய் விமான நிலைய ஓடுபாதையில் சறுக்கி உடைந்தது. படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அடுத்த சில மாதங்களில், குண்டுவீச்சுக்குப் பயந்து மணிப்பூருக்குள் வந்த சாதாரண ஜனங்களில் 77 பேரை 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்று திருப்பி அனுப்பியதாக அப்போதைய மணிப்பூர் முதலமைச்சர் பெருமையோடு அறிவித்தார். குண்டு போடுகிற படையின் ஆளுக்கு ஒரு வரவேற்பு, குண்டுக்குத் தப்பியவனுக்கு ஒரு வரவேற்பு. எந்தச் சட்டப் பிரிவின்படி இந்த வித்தியாசம் என்று அமைச்சகத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

தமிழ்நாட்டுக்காரனுக்கு இதில் என்ன வந்தது என்று நினைப்பவர்களுக்காக மோரேவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் வியாபாரத்தையும் தேசியமயமாக்கியபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் ரங்கூனில் கப்பலேறினார்கள். சென்னையில் இறங்கியவர்களுக்குக் கிடைத்தது முகாமும் பர்மா பஜாரில் ஒரு கடையும். சிலருக்கு இந்த ஊர் ஒத்துவரவில்லை. பிறந்த ஊருக்கே திரும்பிவிடலாம் என்று தரைவழியாக இம்பால் வரை போய், எல்லையில் தடுக்கப்பட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அப்படி உருவானதுதான் மோரேவின் தமிழ்க் குடியிருப்பு. அங்காள பரமேஸ்வரி கோயிலைக் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். காலையில் எல்லை வாசல் திறந்ததும் நம்பலாங் சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுத்து, மாலையில் வாசல் மூடுவதற்குள் திரும்புவது பிழைப்பு. தமிழ், பர்மிய மொழி, மைதேயி, இந்தி எல்லாம் ஒரே பேரத்தில் கலந்து ஓடும்.

2022 ஜூலையில் அந்த ஊரிலிருந்து தமுவுக்குப் போன இரண்டு தமிழ் இளைஞர்கள் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ராணுவத்தின் ஆதரவில் இயங்கும் ஆயுதக் குழு ஒன்றின் மீது சந்தேகம் எழுந்தது. ஒருவருக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை என்று செய்திகள் சொன்னன. சென்னையில் இரண்டு நாள் பரபரப்பு, முதலமைச்சர் தரப்பிலிருந்து கோரிக்கை, அதோடு சரி. கொன்றவர்கள் யார், விசாரணை என்ன ஆனது என்று நேபிடோவிடம் நம் அமைச்சகம் எத்தனை தடவை கேட்டது என்று உங்கள் குழு கேட்கலாம். நல்லுறவு என்றால் இதையாவது கேட்க முடியவேண்டும்.

அதே தமு பக்கம் 2025 மே மாதத்தில் நடந்ததும் சிக்கலானது. மே 14 அன்று மணிப்பூரின் சந்தேல் மாவட்டத்தில் பத்துப் பேரை அஸ்ஸாம் ரைபிள்ஸ் சுட்டுக் கொன்றது. ஆயுதத்தோடு வந்து முதலில் சுட்டார்கள் என்பது நம் தரப்பு. அவர்கள் தமுவைச் சேர்ந்த மக்கள் பாதுகாப்புப் படையினர், பிடிக்கப்பட்ட பிறகு கொல்லப்பட்டார்கள் என்பது, ராணுவத்துக்கு எதிராக அமைக்கப்பட்ட மியான்மரின் போட்டி அரசான தேசிய ஒற்றுமை அரசின் தரப்பு. யார் சொல்வது உண்மை என்று விசாரித்து வைப்பது நமக்கும் நல்லது. நான்கு வருடமாக நம் எல்லைக் காவலரும் அவர்களும் ஒருவரை ஒருவர் தொடாமல் இருந்தார்கள். ஒரே நாளில் அது போயிற்று.

தில்லி இதற்கெல்லாம் வைத்திருக்கும் பதில் இரண்டு. முதலாவது, வடகிழக்கின் தீவிரவாதக் குழுக்களை அடக்க மியான்மர் ராணுவத்தின் உதவி வேண்டும் என்பது. 2019 வரைக்கும் அதில் நியாயம் இருந்தது. மணிப்பூருக்கு எதிரே இருக்கும் சகாயிங் பகுதியில் அவர்களின் முகாம்களை அந்த ராணுவம் அடித்து நொறுக்கியது உண்மை. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு கதையே தலைகீழ். மணிப்பூரின் சில ஆயுதக் குழுக்கள் சகாயிங்கில் ராணுவத்தோடு சேர்ந்து அங்குள்ள மக்கள் படைகளை எதிர்த்துச் சண்டை போடுகின்றன. நம் எதிரியைத் தன் கூலிப்படையாக வைத்திருப்பவரிடம் போய் நம் எதிரியை அடக்கித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது பதில் சீனா. நாம் விலகினால் சீனா புகுந்துவிடும் என்கிறார்கள். சீனா எப்படிப் புகுந்திருக்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2023 அக்டோபர் 27இல் மூன்று இனக்குழுப் படைகள் சேர்ந்து ஷான் மாநிலத்தில் தாக்குதல் தொடங்கியபோது, அங்கே சீன எல்லையை ஒட்டிய கொக்காங்கின் இணைய மோசடிக் கூடங்கள் ஒழியட்டும் என்று சீனா கண்டும் காணாமல் இருந்தது. அது முடிந்ததும் குன்மிங்கில் உட்காரவைத்துச் சண்டை நிறுத்தம் பேசியது. மறுபடி படைகள் முன்னேறி 2024 ஆகஸ்டில் லாஷியோவையும் அங்கிருந்த ராணுவத் தலைமையகத்தையும் பிடித்ததும், எல்லைக் கதவுகளை இழுத்து மூடியது, சரக்கு நின்றது, கொக்காங் படையின் தலைவர் பெங் தாஷுன் யுன்னானில் வெளியே வரமுடியாமல் இருத்தப்பட்டார். 2025 ஏப்ரலில், ரத்தம் சிந்திப் பிடித்த லாஷியோவைக் கொக்காங் படை சத்தமில்லாமல் ராணுவத்திடமே திருப்பிக் கொடுத்தது. அக்டோபரில் அந்த மூன்றில் இன்னொன்றான தாங் படையும் தான் பிடித்திருந்த மொகொக் நகரை விட்டு வெளியேற ஒப்புக்கொண்டது. ராக்கைனிலும் இதே கதைதான்: சௌக்பியுவைச் சுற்றிச் சண்டை நடக்கிறது, அங்கிருந்து குன்மிங் போகும் குழாயில் எண்ணெயும் எரிவாயுவும் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

சீனாவின் நடத்தை எனக்குப் பிடிக்கவில்லை. மக்கள் எக்கேடு கெட்டாலும் குழாய் ஓடினால் சரி என்ற மனசு அது. ஆனால் அவர்கள் எல்லாரோடும் பேசுகிறார்கள், எல்லார்மீதும் பிடி வைத்திருக்கிறார்கள். நாம் ஒருவரோடு மட்டும் பேசி, அவரிடமும் பிடி இல்லாமல் இருக்கிறோம். நேபிடோவுக்கு ஆயுதமும் பணமும் பாதுகாப்பு சபையில் வீட்டோவும் தருவது சீனாவும் ரஷ்யாவும். நம்முடைய நட்பு அங்கே யாருக்கும் அவசரத் தேவை இல்லை.

ஆயுதம் என்றதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில், ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு மியான்மர் ராணுவத்துக்குப் போன தளவாடங்களில் இந்தியாவிலிருந்து போனது 5.1 கோடி டாலர் மதிப்பு என்று கணக்குச் சொல்கிறார். ரஷ்யா, சீனாவோடு ஒப்பிட்டால் சின்னத் தொகைதான். நம் அரசின் பொதுத்துறை நிறுவனமும் அதில் உண்டு. அந்த அறிக்கைக்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 11 காலை, சகாயிங்கின் பாசிஜி கிராமத்தில் எதிர்ப்பு இயக்கத்தின் உள்ளூர் அலுவலகத் திறப்புக்கு ஊரே கூடியிருந்தது. சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்த இடத்தில் போர் விமானம் குண்டு போட்டது. காயம்பட்டவர்களைத் தூக்க ஆட்கள் ஓடிவந்த நேரத்தில் ஹெலிகாப்டர் வந்து சுட்டது. 160 பேருக்கு மேல் இறந்தார்கள், குழந்தைகள் பலர். நம் பொருள் எதுவும் அந்த விமானத்தில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. எது எதற்குப் போகிறது என்ற பட்டியலை நாடாளுமன்றத்தில் வையுங்கள் என்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. எதிர்த்துப் போராடுகிறவர்கள் எல்லாரும் உத்தமர்கள் இல்லை. 2024 ஆகஸ்ட் 5 அன்று நாஃப் ஆற்றங்கரையில் படகுக்குக் காத்திருந்த ரோஹிங்கியா குடும்பங்கள் மீது டிரோன் குண்டுகள் விழுந்தன. அரக்கான் படை தாங்கள் இல்லை என்கிறது. உயிர் தப்பி வங்கதேசம் போனவர்கள் அவர்கள்தான் என்கிறார்கள். 2017இல் ஏழு லட்சம் ரோஹிங்கியாக்களை விரட்டிய ராணுவமோ, 2024இல் கட்டாய ராணுவச் சேவை என்று அதே மக்களின் பிள்ளைகளைப் பிடித்துத் துப்பாக்கி கொடுத்து அரக்கான் படைக்கு எதிரே நிறுத்தியது. சின் குழுக்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. 2025 ஜூலையில் அவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டதில் நாலாயிரம் பேர் எல்லையிலுள்ள தியாவ் ஆற்றைத் தாண்டி மிசோரத்தின் சோகாவ்தாருக்கு வந்தார்கள். பேச வேண்டும் என்று நான் சொல்வது இவர்களை வாழ்த்துவதற்காக இல்லை. ரோஹிங்கியா மக்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று அரக்கான் படையிடம் கேட்பதற்கும் முதலில் பேச்சு வேண்டுமே.

ஆயுதம் கொடுக்கவும் சொல்லவில்லை. 1983க்குப் பிறகு இலங்கைப் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்து, 1987இல் அமைதிப்படை அனுப்பி, அவர்களில் ஒரு குழுவோடேயே சண்டை போட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜவான்களை இழந்தோம். அந்தப் பாடத்தைத் தமிழ்நாட்டுக்கு யாரும் திரும்ப எடுக்க வேண்டாம். கூட்டாளியைக் கைவிட்ட கதையும் நம்மிடம் உண்டு. 1998 பிப்ரவரியில் அந்தமானின் லேண்ட்ஃபால் தீவுக்கு, இந்திய உளவு அதிகாரி ஒருவரின் வாக்கை நம்பி அரக்கானியப் போராளிகள் வந்தார்கள். தலைவர்கள் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், மற்றவர்கள் ஆயுதக் கடத்தல்காரர்கள் என்று பத்தாண்டுக்கு மேல் நம் சிறைகளில் கிடந்தார்கள். அரக்கானில் அதை மறந்துவிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? தில்லியின் வாக்கைச் சந்தேகத்தோடு பார்க்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. அதனால்தான் ரகசிய ஏஜென்சிகள் வழியாக வேண்டாம், தூதரகத்தின் முறையான வழியில் பேசுங்கள் என்கிறேன்.

இப்போது புதிதாக ஒரு வாதம் வரும். 2025 டிசம்பர் 28 தொடங்கி ஜனவரி வரை கட்டம் கட்டமாகத் தேர்தல் நடந்துவிட்டது, இனி அது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு என்பார்கள். அந்தத் தேர்தலின்போது, ராணுவம் கவிழ்த்த அரசின் தலைவி ஆங் சான் சூச்சி சிறைக்காவலில், அவர் கட்சி ஏற்கெனவே கலைக்கப்பட்டது, போராளிகள் கையில் இருந்த ஊர்களில் வாக்குச்சாவடியே இல்லை. வென்றது ராணுவத்தின் சொந்தக் கட்சி. நம் எல்லைக்கு எதிரே இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தத் தேர்தலில் விரலில் மை வைக்கவே இல்லை.

உங்களால் முடிகிற காரியங்களைத்தான் கேட்கிறேன். அமைச்சகச் செயலரை அழைத்து, பலெத்வா விழுந்த பிறகு காலாடனுக்கு எவ்வளவு கொடுத்தோம், யார் பாதுகாப்பில் வேலை நடக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். அரக்கான் படை, சின் அமைப்புகள், தேசிய ஒற்றுமை அரசு மூன்றோடும் பேச ஓர் அதிகாரியை வெளிப்படையாக நியமிக்கப் பரிந்துரை செய்யுங்கள். 2024 நவம்பரில் தில்லியில் ஒரு கருத்தரங்குக்கு இவர்களுக்கு அழைப்பு போனதாகச் செய்தி வந்ததே, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு தொடரலாம். சின் மக்களுக்கு விரல்ரேகை எடுப்பது எடுக்கட்டும், கூடவே போர் முடியும் வரை திருப்பி அனுப்ப மாட்டோம் என்று ஒரு சீட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லையின் இரு பக்கமும் 16 கிலோமீட்டர் வரை போய்வர முன்பு விசா வேண்டாம், இப்போது அது பத்தாகச் சுருங்கி, அனுமதிச் சீட்டும் வேலியும் வந்திருக்கின்றன. அதைப் பற்றி மோரே, சோகாவ்தார் வியாபாரிகளின் வாயால் கேட்காமல் அறிக்கை எழுதாதீர்கள்.

அதற்கு நீங்களே ஒரு தடவை அங்கே போக வேண்டும். ஐஸ்வாலில் இறங்கி சோகாவ்தார் வரை சாலையில் போங்கள், ஹெலிகாப்டர் வேண்டாம். மழைக்காலத்தில் மண் சரியும், நவம்பருக்குமேல் போவது நல்லது.

இப்படிக்கு,
சென்னை பர்மா பஜார் பக்கத்துவாசி ஒருவன்